மிஸ்டர் ஜோசஃபுக்கு ஒரு நாள் விடுப்பு

வியாழக்கிழமை காலை ஆறு ஐந்துக்கு மிஸ்டர் ஜோசஃப் கல்லை எறிந்தார்.

குறி தப்பவில்லை. புளியமரத்தின் அடித்தண்டில் கல் மோதியதும் கிளைகளில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுக் குரங்குகள் பொலபொலவென்று உதிர்ந்து, கல்சுவரைத் தாண்டி, ஓடைப் பள்ளத்துக்குள் காணாமல் போயின.

அறுபதடி தள்ளி, விருந்தினர் குடிலின் வராந்தாவில், லொரெய்ன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் அதே நொடியில்தான். அவளுக்குக் கிடைத்தது ஒரு மரமும், தொப்பி வைத்த ஒரு கிழவனின் முதுகும்.

"எட்டு நாள், டக்," என்று கணவனிடம் சொன்னாள். "எட்டு நாளா இந்த ஆளோட முதுகைத்தான் படம் புடிச்சிருக்கேன்."

மிஸ்டர் ஜோசஃப் திரும்பிப் பார்க்கவில்லை. கால்களை அகட்டி அகட்டி நடந்து, கருவிக் கொட்டகைக்குள் போய், கதவைத் தாழிட்டு, உரமூட்டை மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

தொப்பிக்குள் வெர்னிஸ் லிபர்டின் பின்னல்கள் இருந்தன.

கரீபியக் கடலில் உள்ள நீவிஸ் தீவில் மனிதர்களைவிடக் குரங்குகள் அதிகம் என்பார்கள். வெர்னிஸைக் கேட்டால், அதில் பாதி அவள் தோட்டத்து மேட்டில்தான் குடியிருக்கின்றன என்பாள். அந்தக் குரங்குகளுக்கு ஆண் வேறு, பெண் வேறு. கால்சட்டை போட்டவனைக் கண்டால் மரம் மாறும். கவுன் போட்டவளைக் கண்டால் அவள் எறியும் கல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளி உட்காரும். புருஷன் ஆல்ஃபோர்ட் வீட்டில் இருந்தவரை தொல்லை இல்லை. அவன் கட்டட வேலைக்கு டோர்ட்டோலா தீவுக்குப் போன முதல் வருடம் அவள் போட்ட தர்ப்பூசணி முழுக்கப் போனது. இரண்டாம் வருடமும் போனது. மூன்றாம் வருடம் அவன் விட்டுப்போன நீல வேலையுடுப்பையும் பூட்ஸையும் வைக்கோல் தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆண் மாதிரி நடக்க ஒரு வாரம் பழகினாள். குரங்குகள் நம்பின.

பிரச்சினை குரங்குகளோடு நிற்கவில்லை. குடிலில் வாடகைக்குத் தங்க வந்த விருந்தினர்களும் நம்பினார்கள்.

வந்த முதல் நாளே லொரெய்ன் கேட்டாள், தோட்டத்தில் அந்தப் பெரியவர் யார் என்று. அப்போது வெர்னிஸ் தேவாலயத்துக்குப் போகும் மஞ்சள் கவுனில், காதில் தொங்கட்டானோடு, குடிலின் சாவியைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது நான்தான், என் புருஷனுடைய கால்சட்டையில், என்று அந்த நேரத்தில் எந்தப் பெண் சொல்வாள். வேலையாள், பெயர் ஜோசஃப், என்று வாயில் வந்துவிட்டது. குட்மார்னிங் சொன்னால் ஏன் பதில் சொல்வதில்லை என்று மறுநாள் கேட்டார்கள். காது கேட்காது என்றாள். மூன்றாம் நாள் மிஸ்டர் ஜோசஃபுக்காகக் கொட்டகை வாசலில் ஒரு தட்டு பொரித்த மீன் இருந்தது. நான்காம் நாள் சார்ல்ஸ்டவுன் மருந்துக் கடையில் வாங்கிய காதுச் சொட்டு மருந்து இருந்தது.

சனிக்கிழமை மத்தியானப் படகில் அவர்கள் கிளம்புகிறார்கள். அதே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடற்கரை ஓட்டலின் கொள்முதல்காரர் பெர்சிவல் வருகிறார்.

வெர்னிஸின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒன்பது மணி மட்டும்தான். அந்த ஓட்டலுக்குத் தர்ப்பூசணி மயாமியிலிருந்து கப்பலில் வருகிறது. மூன்று வருடமாக அவர் பின்னால் நடந்து, இந்த முறை ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். கல்யாண விருந்து ஒன்றுக்கு அறுபது பழம். பல் படாத, கீறல் இல்லாத, அன்றைக்குக் காலையில் தன் கண் முன்னால் கொடியிலிருந்து அறுத்த அறுபது. கொடுத்தால் சீசன் முழுக்க அவள் சரக்கு. கொடுக்காவிட்டால் கப்பல். பெர்சிவல் பேச்சைச் சுருக்கமாக முடிக்கிறவர்.

தோட்டத்தில் எழுபத்தெட்டுப் பழம் இருந்தன. காம்புக்கு எதிரே இருக்கும் சுருள்கொடி காய்ந்தால்தான் பழம் பழுத்த கணக்கு; அது இன்னும் முழுசாகக் காயவில்லை. இரண்டு நாள் முன்னால் அறுத்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அறுத்த பழம் அதற்குப் பிறகு பழுக்காது.

இன்னும் இரண்டு விடியல். அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு லொரெய்ன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வெர்னிஸ் அதற்குள் குளித்து, கவுன் மாட்டி, ஜானிகேக் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் வெர்னிஸ், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

வெர்னிஸ் அடுப்பைத் தணித்தாள்.

லொரெய்ன் கனடாவின் வின்னிபெகில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அங்கே பனிக்குள் இருபத்திரண்டு குழந்தைகள் காத்திருக்கின்றன. குட்டியை வயிற்றோடு அணைத்த தாய்க்குரங்கின் படம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். பிடித்து வைத்த குரங்கு வேண்டாம், காட்டுக் குரங்கு. குட்டிக்கு வகுப்பில் வாக்கெடுப்பு நடத்திப் பெயரும் வைத்துவிட்டார்கள். மலைப்பாதையில் மூன்று நாள் நடந்தாயிற்று, வால்தான் கிடைத்தது. பழைய சர்க்கரை ஆலைப் பக்கம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தாயிற்று, கொசுக்கடி கிடைத்தது. குரங்கு தவறாமல் வருகிற ஒரே இடம் இந்தத் தோட்டம். அங்கே ஒரு ஆள் தவறாமல் கல்லோடு நிற்கிறார்.

"நாளைக்கு ஒரு நாள் அவருக்கு லீவு குடுங்களேன். கூலியை நாங்க குடுத்துடுறோம்."

அவர் பிடிவாதக்காரர், சொன்னால் கேட்க மாட்டார் என்று வெர்னிஸ் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்கதானே முதலாளி?" என்றாள் லொரெய்ன்.

போதாக்குறைக்கு, வராந்தாவிலிருந்தே குரங்கு பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததே என்றும் மெதுவாக நினைவுபடுத்தினாள். போட்டது வெர்னிஸின் சித்தப்பா மகள். தர்ப்பூசணி போடுவதற்கு முன்னால் போட்டது. இருந்தாலும் போட்டது போட்டதுதான்.

பின்னால் வந்த டக் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். ஜோசஃப் கல்லெறிவதை அவர் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். விலங்குகளை இப்படி நடத்தலாமா என்று சார்ல்ஸ்டவுன் போலீஸில் காட்டிக் கேட்கலாம் என்று ஒரு யோசனை. கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்.

போலீஸ்காரன் பக்கத்துத் தோட்டத்து க்ளாக்ஸ்டனின் அக்கா மகன். படத்தைப் பார்த்த அரைமணியில் பூட்ஸ் யாருடையது என்று சொல்வான். சாயங்காலத்துக்குள் ஜிஞ்சர்லாந்து ஊர் முழுக்க, பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நிற்கிற வெர்னிஸ் லிபர்ட் கால்சட்டையில் காலை அகட்டி நிற்பதைப் போன் போனாகப் பார்த்திருக்கும்.

"நாளைக்கு அவர் வர மாட்டார்," என்றாள்.

க்ளாக்ஸ்டன் சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ஜோசஃப் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். குரங்கு கவுனை மதிக்காது என்று முதலில் சொன்னவனும் அவனே. வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வந்து நிற்கிறாயா என்று அவள் கேட்டாள். மனைவியைக் கண் டாக்டரிடம் காட்ட விடியற்காலைப் படகில் பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸ் போகிறானாம். ஆனால் சிரிக்க நேரம் இருந்தது.

"வேலைக்குச் சேர்ந்து எட்டே நாள். அதுக்குள்ள சம்பளத்தோட லீவா? உன் ஜோசஃப் குடுத்துவெச்ச ஆளு."

"க்ளாக்ஸ், எனக்கு வயிறு எரியுது."

"உண்மையைச் சொல்லித் தொலையேன்."

"எப்படிச் சொல்றது? அந்தம்மா என் காதுக்கு மருந்து வாங்கி வெச்சிருக்கா."

அவன் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும், தன் நாய் சார்ஜன்டை வைத்துக்கொள்ளச் சொன்னான். சார்ஜன்ட் ஏற்கெனவே அவளிடம் இரவலாக இருக்கிற நாய்தான். விருந்தினர் வந்த இரண்டாம் நாளிலிருந்து லொரெய்ன் கொடுக்கும் சாஸேஜைத் தின்றுவிட்டு வராந்தாவில் நான்கு காலையும் நீட்டிக் கிடக்கிறது. குரங்கு வாலை அதன் மூக்கில் வைத்தாலும் எழுந்திருக்காது.

சரி, ஒரு காலைதானே. தானே நிற்பது என்று முடிவு செய்தாள். கையில் தடி, வாய் நிறையச் சத்தம். பெண் என்றால் என்ன, ஒரு நாள் பயந்துவிட்டுப் போகட்டுமே.

வெள்ளிக்கிழமை. ஐந்து ஐம்பது.

மலை உச்சியில் மேகம் அப்படியே குந்தியிருந்தது. வெர்னிஸ் பழைய பூப்போட்ட கவுனில், கையில் தடியும் ஒரு தகர டப்பாவுமாகத் தோட்டத்தின் நடுவில் நின்றாள். வராந்தாவில் லொரெய்ன் முட்டிபோட்டு, கைப்பிடிச் சட்டத்தின் இடைவெளியில் கேமராவை நுழைத்திருந்தாள். டக் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, விரலை உதட்டில் வைத்து வெர்னிஸுக்குச் சைகை காட்டினார்.

முதலில் ஒரே ஒரு கிழட்டு ஆண் குரங்கு கல்சுவர் மேல் ஏறியது. கரி பூசிய முகம், பச்சை கலந்த பழுப்பு முதுகு. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது. கொட்டகைக் கதவைப் பார்த்தது. சாத்தியிருந்தது. கடைசியாக வெர்னிஸைப் பார்த்தது.

பார்த்துவிட்டு அக்குளைச் சொறிந்துகொண்டது.

அதற்குப் பிறகு பள்ளமே எழுந்து வந்த மாதிரி இருந்தது. இருபது, இருபத்தைந்து, முப்பது. வெர்னிஸ் டப்பாவைத் தட்டினாள். இரண்டு நின்றன, மற்றவை நிற்கவில்லை. கத்தினாள். கல்லை விட்டெறிந்தாள். பக்கத்தில் இருந்தது இரண்டடி நகர்ந்து, கல் விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காலடியில் இருந்த பழத்தில் வாயை வைத்தது.

தின்றாலாவது பரவாயில்லை. வெயில் காலத்துக் குரங்குக்குத் தாகம்தான் பெரிசு. ஒரு பழத்தில் ஒரு கடி, ஓர் உறிஞ்சல், அடுத்த பழம். ஒரு குரங்கு ஒரு பழத்தோடு உட்கார்ந்திருந்தால் முப்பதுதான் போயிருக்கும். இவை வரிசையாக ருசி பார்த்துக்கொண்டே நடந்தன.

வெர்னிஸ் ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கம் மூடிக்கொண்டது. தடியை வீசியபோது ஒரு குட்டித் தடியன் புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"ஏங்க, கத்துங்க," என்று வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் இறங்கி வந்து கத்துங்க."

லொரெய்ன் கையசைத்தாள். மகிழ்ச்சியாக. டக் மறுபடி விரலை உதட்டில் வைத்தார். கிழவனை நிறுத்தியாயிற்று, இப்போது முதலாளியம்மாவும் சத்தம் போடுகிறாளே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தாய்க்குரங்கு, வயிற்றைப் பற்றிய குட்டியோடு, வராந்தாவுக்குப் பத்தடியில் வந்து உட்கார்ந்து, ஒரு பழத்தை மடியில் வைத்துக்கொண்டது. கேமரா விடாமல் கிளிக் கிளிக்கென்றது. லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெர்னிஸ் தடியைக் கீழே போட்டாள்.

கொட்டகைக்கு ஓடினாள். தாழ்ப்பாள் சிக்கியது. உதைத்துத் திறந்தாள். கவுனுக்கு மேலேயே நீல உடுப்பை ஏற்றினாள். பூட்ஸில் வலது இடது மாறியது. தொப்பியை அமுக்கிக்கொண்டு, காலை அகட்டி, தலையைக் குனிந்து வெளியே வந்தாள்.

சுவர் மேலிருந்த கிழட்டுக் குரங்கு ஒரே ஒரு குரைப்புக் குரைத்தது.

பத்து நொடி. தோட்டம் காலி. பள்ளத்தில் கிளைகள் ஆடி ஓய்ந்தன.

லொரெய்ன் படியிறங்கி விடுவிடுவென்று வந்தாள். எட்டு நாள் அடக்கி வைத்த கோபம் எல்லாம் முகத்தில் இருந்தது. காது கேட்காதவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். "உங்களுக்கு இன்னைக்கு லீவு. லீவுன்னு சொன்னாங்கல்ல? இன்னும் ரெண்டே நிமிஷம் விட்டிருக்கக் கூடாதா?"

வெர்னிஸ் தொப்பியைக் கழற்றினாள். மூச்சு வாங்கியது.

"நான்தாம்மா ஜோசஃப்."

லொரெய்னின் கை அப்படியே நின்றது. நீல உடுப்புக்குள் சுருண்டு பிதுங்கிய பூப்போட்ட கவுனைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தரையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கேமராவுக்குள் குரங்கு இருந்த இடமெல்லாம் இப்போது பல் பட்ட பழமாக இருந்தது. கீழ்க்காற்றில் இனிப்பு வாசம்.

அவள் கேட்டது ஒன்றுதான். ஏன் முதலிலேயே சொல்லவில்லை. வெர்னிஸ், அன்றைக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தேன் என்றாள். அது பதிலாகவே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

டக் போனை எடுத்து எதையோ அழித்தார். வெயில் தாழ்ந்ததும் தொப்பி வைத்துக்கொண்டு தோட்டத்தின் நடுவில் போய் நின்றார். அரைக்கால்சட்டை, தொடை வரை வெயிலில் சிவந்த கால்கள். சாயங்காலம் ஐந்தரைக்குக் குரங்குகள் சுவருக்கு வந்தன. டக்கைப் பார்த்தன. ஒரு கல்கூட எறியாமல், ஒரு சத்தம்கூடப் போடாமல், அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். குரங்குகள் திரும்பிப் போய்விட்டன.

வெர்னிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். பாத்திரத்தைத் தொட்டியில் போட்ட வேகத்தில் பிடி உடைந்தது. எட்டு நாள். எட்டு நாளாக அவள் வராந்தாவில் ஓர் ஆண்பிள்ளை சும்மா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் காவலுக்கு நின்றிருப்பான். அவளே லொரெய்னைக் கூட்டிப்போய், ஓடைக்கு மேலே குரங்கு தண்ணீர் குடிக்கும் குட்டையைக் காட்டியிருப்பாள். படமும் கிடைத்திருக்கும், பழமும் கிடைத்திருக்கும். கேட்கத்தான் வாய் வரவில்லை. இல்லாத ஒருவனுக்குப் பேரும் செவிட்டுக் காதும் கொடுக்க வந்த வாய்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பெர்சிவல் வந்தார். வெளுத்த சட்டை, கையில் கணக்கெழுதும் அட்டை. நடந்ததைக் கேட்டார், தோட்டத்தைச் சுற்றினார், எண்ணினார். பல் படாதவை முப்பத்தொன்று.

வெர்னிஸ் ஒரு கடிபட்ட பழத்தைத் தூக்கி, பல் பட்ட பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கீறி அவர் கையில் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றார். இன்னொரு துண்டு கேட்டார். விதையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"கப்பல்ல வர்றது இது பக்கத்துல நிக்காது, வெர்னிஸ்."

"அப்போ முப்பத்தொண்ணை எடுத்துக்குங்க. மீதிக்குக் கப்பல் பழம் போடுங்க."

"ஒரே தட்டுல ரெண்டு ருசியா? கல்யாண வீட்டுக்காரன் என்னைத்தான் கேப்பான். அறுபதுன்னா அறுபது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவள் ஓட்டல் சிப்பந்திகளுக்காவது எடுக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்காவது என்றாள். அவர் முடியாது என்று தலையாட்டிக்கொண்டே அட்டையில் ஒரு கோடு கிழித்தார். லொரெய்னுக்குப் பொறுக்கவில்லை. தப்பு எங்களுடையது, இந்தம்மா எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா, இதோ பாருங்கள் என்று கேமராவை அவர் முன்னால் நீட்டினாள்.

பெர்சிவல் முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். தாய்க்குரங்கு மடியில் பழத்தோடு நேராகப் பார்க்கும் படத்தில் நின்றுவிட்டார். முகம் மாறியது. அட்டை அக்குளுக்குள் போனது.

"இது இந்த வராந்தாவுல இருந்தா எடுத்தது?" என்றார். "வெர்னிஸ், வாரா வாரம் வெள்ளிக்கிழமை நான் பன்னிரண்டு பேரை அனுப்பறேன். காலைல அஞ்சரைக்கு வேன்ல கொண்டாந்து விடுவாங்க. தலைக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம். உனக்கு ஒரு வேலையும் கிடையாது. பழத்தை மட்டும் இதே மாதிரி போட்டு வை."

வெர்னிஸின் கையில் கத்தி இருந்தது. சாறு முழங்கை வரை வழிந்திருந்தது.

"மூணு வருஷமா நான் வெதை போட்டு, கொடி ஏத்தி, முதுகொடிஞ்சு வளக்கறேன். மனுஷன் திங்கறதுக்கு நீங்க எடுக்க மாட்டீங்க. குரங்கு திங்கறதுக்கு எடுக்கறீங்களா?"

"யோசிச்சுப் பாரு."

"யோசிச்சாச்சு. வண்டியை எடுங்க, க்ளாக்ஸ்டனோட பிக்கப் உள்ள வரணும்."

அவர் போனார். நல்ல வருமானத்தை விட்டுவிட்டாயே என்று, வாசலில் நின்று எல்லாம் கேட்ட க்ளாக்ஸ்டன் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். முப்பத்தொரு பழத்தையும் நான்கு பேராக ஏற்றினார்கள். கனடாக்காரர்களின் பெட்டிகளும் அதே வண்டியில் ஏறின. படகுத்துறை சந்தைக்குப் பக்கத்தில்தான். லொரெய்ன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெர்னிஸ் முதுகில் தட்டிக் கொடுத்தாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் தட்டினாள்.

அவளும் சந்தைக்குப் போகத்தான் வேண்டும். க்ளாக்ஸ்டன் விலை பேசத் தெரியாதவன். பாதிக்குக் கொடுத்துவிட்டு வருவான். ஆனால் கொடியில் இரண்டாவது ஈட்டுப் பிஞ்சுகள் கைமுட்டி அளவில் பிடித்திருந்தன. ஓட்டலுக்கு இல்லாவிட்டால் சந்தைக்கு. டக் இப்போது வண்டிக்குள் இருந்தார். அவள் போனால் தோட்டத்தில் யார்.

பகல் வெயிலில் குரங்கு வராது, விடியலிலும் சாயங்காலத்திலும்தான் வரும், போய்விட்டு நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மஞ்சள் கவுனை மாட்டி, தொங்கட்டானைக் காதில் போட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வண்டிக்குள் ஒரு காலை வைத்தபோது மணி பத்தேகால்.

பள்ளத்திலிருந்து ஒரு குரைப்பு.

க்ளாக்ஸ்டன் இன்ஜினை அணைத்தான். கல்சுவர் மேல் அந்தக் கிழட்டுக் குரங்கு, பட்டப்பகலில், கொட்டகைக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் இலைகள் வரிசையாக அசைந்தன. நேற்றைய விருந்தை அவை மறக்கவில்லை; நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டன.

"பழம் ஒண்ணை அஞ்சு டாலருக்குக் கீழ விட்டே, உன்னை நான் சும்மா விட மாட்டேன்," என்று க்ளாக்ஸ்டனிடம் சொல்லிவிட்டு, வெர்னிஸ் காலை வண்டியிலிருந்து எடுத்தாள். வண்டி சரிவில் இறங்கி மறைவதற்குள் தொங்கட்டான்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தாள்.